தினம் ஒரு மணி நேரம்: மளிகைக் கடைப் பையன் பல மொழி கற்ற கதை

புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் கால் கிலோ சர்க்கரையைக் கொடுத்துப் பொட்டலம் கட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பது பழைய கடைக்காரர்களாகிய நம் எல்லோருக்கும் தெரியும். காகிதம் ஓரத்தில் கிழியும். நூல் நழுவும். சர்க்கரை பாதி மேசையில் கிடக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பையன் எதிரில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கட்டி, நூலை விரலில் சுற்றி அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் போய்விடுவான். அவன் பிறவியிலேயே பொட்டலம் கட்டும் வரம் வாங்கி வந்தவன் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. பழகினான், வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு மொழி கற்பது என்றும், தொழிலில் புதிதாக ஒன்றை யோசித்துச் செய்வது என்றும் பேச்சு வந்தால் நாமே வேறு மாதிரிப் பேசுகிறோம். "அதெல்லாம் மூளைக்காரனுக்கு. இந்த வயசுக்கு மேல் நமக்கு நாக்கு திரும்புமா?" என்று சொல்லிவிட்டுக் கல்லாப்பெட்டி பக்கம் திரும்பிக்கொள்கிறோம். பொட்டலம் கட்டுவதற்கு ஒரு நியாயம், மொழிக்கு ஒரு நியாயமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி. அதற்குப் பதிலாக, நம்மைப் போலவே மளிகைக் கடையில் எண்ணெயும் உப்பும் நிறுத்துக் கொடுத்த ஒருவருடைய வரலாற்றை வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை

அவர் பெயர் ஹைன்ரிச் ஷ்லீமன். ஜெர்மனியின் வடபகுதியில் உள்ள மெக்லென்பர்க் வட்டாரத்தில் 1822-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை ஒரு பாதிரியார். குடும்பத்தில் பணமுடை வந்ததால் மேற்படிப்பு நின்றுபோயிற்று. 14 வயதில், 1836-ல், ஃபூர்ஸ்டன்பெர்க் என்ற சிறிய ஊரின் மளிகைக் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்க்கப்பட்டார்.

அந்தக் கடையில் என்னென்ன விற்றார்கள் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். உப்புக் கருவாடாக வரும் ஹெர்ரிங் மீன், வெண்ணெய், பால், உப்பு, காப்பி, சர்க்கரை, எண்ணெய், மெழுகுவர்த்தி, உருளைக்கிழங்குச் சாராயம். காலை 5 மணிக்குக் கடையைப் பெருக்குவதில் தொடங்கி இரவு 11 மணி வரை வேலை. படிப்பதற்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை என்றும், சிறு வயதில் படித்த கொஞ்சமும் வேகமாக மறந்துபோயிற்று என்றும் அவர் குறிப்பிடுகிறார். இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

ஒரு நாள் இரவு, படித்துக் கெட்டுப்போன மாவு மில் தொழிலாளி ஒருவர் குடிபோதையில் கடைக்கு வந்தார். பள்ளியில் தான் கற்ற ஹோமர் என்னும் பழங்காலக் கிரேக்கக் கவிஞரின் அடிகள் நூறு வரை அவர் ராகத்தோடு சொன்னார். பையனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்த ஓசை அவனை அழ வைத்தது. கையில் இருந்த சில்லறை முழுவதையும் போட்டுச் சாராயம் வாங்கிக் கொடுத்து, மூன்று முறை திரும்பச் சொல்லக் கேட்டான். என்றாவது ஒரு நாள் கிரேக்க மொழி கற்கும் பாக்கியம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அன்று முதல் வேண்டிக்கொண்டதாக அவர் எழுதுகிறார்.

ஐந்தரை ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. கனமான பீப்பாய் ஒன்றைத் தூக்கியதில் மார்பில் அடிபட்டு, ரத்தம் கக்கி, அந்த வேலையும் போயிற்று. 1841-ன் இறுதியில் தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலாவுக்குப் போகும் கப்பலில் எடுபிடியாக ஏறினார். ஹாலந்துக் கரையருகே புயலில் கப்பல் உடைந்தது. உயிர் மட்டும் மிஞ்ச, ஆம்ஸ்டர்டாம் நகரில் வந்து சேர்ந்தார்.

நெருப்பில்லாத மாடி அறை

ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக அலுவலகத்தில் பையன் வேலை கிடைத்தது. உண்டியல்களுக்கு முத்திரை குத்துவது, ஊருக்குள் சென்று பணமாக்கி வருவது, தபால் நிலையத்துக்குக் கடிதம் கொண்டுபோவது. ஆண்டுச் சம்பளம் 800 பிராங்க். அதில் சரிபாதியைப் படிப்புக்குச் செலவிட்டார். மீதிப் பாதியில், குளிர்காலத்தில் கணப்பும் இல்லாத மாடி அறையில் இருந்துகொண்டு, கம்புக்கூழ் போன்ற ஒரு கஞ்சியைக் காலையில் குடித்து வயிற்றைக் கழுவினார்.

முதலில் எடுத்துக்கொண்டது ஆங்கிலம். தன் ஞாபகசக்தி மிக மோசமாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பயிற்சி இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. ஆகவே அவர் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அதில் மந்திரம் எதுவும் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நிறைய உரக்கப் படிக்க வேண்டும். மொழிபெயர்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தமக்கு அக்கறையுள்ள விஷயத்தைப் பற்றி அந்த மொழியில் எழுத வேண்டும். எழுதியதைத் தெரிந்தவரிடம் காட்டித் திருத்த வேண்டும். திருத்தியதை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கவும் இல்லை. கடிதம் கொண்டுபோகும்போது கையில் புத்தகம் இருந்தது. தபால் நிலைய வரிசையில் நிற்கும் நேரத்தில் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலேயர் தேவாலயத்துக்கு இரண்டு முறை சென்று, பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து உச்சரிப்பைப் பிடித்தார். அரை ஆண்டில் ஆங்கிலம் கைவந்தது என்றும், அடுத்த அரை ஆண்டில் பிரெஞ்சு வந்தது என்றும் சொல்கிறார். அதன் பிறகு டச்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீசிய மொழிகளை எழுதவும் பேசவும் ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம் போதுமாக இருந்ததாம். துருப்பிடித்த ஞாபகசக்தியும் உழைக்க உழைக்கத் தீட்டிய கத்தியாயிற்று.

தம்மைப் பற்றிச் சற்றுக் கூட்டிச் சொல்லும் பழக்கம் ஷ்லீமனுக்கு உண்டு. அவருடைய சுயசரிதையில் மிகை இருப்பதைப் பின்னாள் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் என்பதை நாமும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வரவு வைப்போம். ஆனால் அவர் பல மொழிகளில் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்றும் இருக்கின்றன. கணக்கில் தள்ளுபடி உண்டே தவிர, சரக்கு உண்மையானது.

கேட்பதற்குக் கூலி 4 பிராங்க்

1844-ல் ஷ்ரோடர் என்ற பெரிய வணிக நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்துக்கும் கணக்குக்கும் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 1,200 பிராங்க். அவருடைய உழைப்பைக் கண்ட முதலாளிகள், ஊக்கம் தரும் வகையில் மேலும் 800 சேர்த்து 2,000 ஆக்கினார்கள்.

அந்த நிறுவனம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தில் வியாபாரம் செய்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் அந்தச் சாயம் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்கு ரஷ்ய வியாபாரிகள் வருவார்கள். அவர்களோடு அவர்கள் மொழியில் பேச ஆள் இல்லை. இந்த இடத்தில்தான் ஷ்லீமன் தமக்குரிய வாய்ப்பைக் கண்டார்.

ஊரில் ரஷ்ய மொழி கற்பிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. ஒரு பழைய இலக்கணம், ஓர் அகராதி, முன்பு பிரெஞ்சு மொழியில் படித்திருந்த ஒரு கதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பு, இவ்வளவே கிடைத்தன. அதையே மனப்பாடம் செய்தார். தனியாகச் சுவரைப் பார்த்து ஒப்பித்தால் ஊக்கம் வரவில்லை. ஆகவே ஏழை யூதர் ஒருவரை வாரம் 4 பிராங்க் கூலிக்கு அமர்த்தினார். அவர் வேலை, தினமும் மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் ஒப்பிப்பதைக் கேட்பது. கேட்டவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது! சத்தம் பொறுக்காமல் மற்றக் குடியிருப்பாளர்கள் புகார் செய்ததில், ஷ்லீமன் இரண்டு முறை வீடு மாற வேண்டியதாயிற்று.

ஆறு வாரத்தில் முதல் ரஷ்யக் கடிதத்தை எழுதினார் என்கிறார். மாஸ்கோ நகரின் நீலச் சாய வியாபாரிகளுடைய லண்டன் பிரதிநிதிக்கு எழுதிய வணிகக் கடிதம் அது. 1846-ல் நிறுவனம் அவரைத் தன் முகவராக ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே அங்குள்ள வணிகர் சங்கத்தில் மொத்த வியாபாரியாகப் பதிவு பெற்றார். பீப்பாய் தூக்கி விழுந்த பையன் இருபத்தைந்து வயதில் மொத்த வியாபாரி ஆன கதை இதுதான்.

கிரேக்க மொழியை மட்டும் அவர் தள்ளி வைத்திருந்தார். அதில் இறங்கினால் மனம் மயங்கி வியாபாரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவோமோ என்ற பயம். 1856-ல்தான், 34-ம் வயதில், அதைத் தொடங்கினார். கடை வாசலில் வேண்டிக்கொண்டது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

புதுமை எங்கிருந்து வந்தது?

போதிய பொருள் ஈட்டிய பின் வியாபாரத்திலிருந்து ஒதுங்கி, 1864-ல் உலகப் பயணம் புறப்பட்டார். இலங்கை, சென்னை, கல்கத்தா எல்லாம் அந்தப் பயணத்தில் அவர் கண்ட இடங்களே. பின்னர் ஹோமர் பாடிய டிராய் நகரத்தைத் தேடுவதில் இறங்கினார். இன்றைய துருக்கியில் உள்ள ஹிசார்லிக் மேட்டில் 1871-ல் பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார். அந்த மேட்டின் ஒரு பகுதிக்கு உரிமையாளரான ஃபிராங்க் கால்வர்ட் என்பவர் அவருக்கு முன்பே அங்கு தோண்டிப் பார்த்து இடத்தைச் சுட்டியவர். பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு.

ஷ்லீமனின் சொந்த யோசனை எப்படிப் பிறந்தது என்பதை 1876-ல் கிரேக்க நாட்டின் மைசீனியில் பார்க்கலாம். பழைய மன்னர்களின் கல்லறைகள் மதிலுக்குள்ளே இருந்ததாக பாசேனியஸ் என்ற பழங்காலப் பயணி எழுதி வைத்திருந்தார். அறிஞர்கள் பலர் அதை ஊரைச் சுற்றிய வெளி மதில் என்று பொருள் கொண்டிருந்தார்கள். ஷ்லீமன் மூல கிரேக்கத்தைத் தாமே படித்து, கோட்டை மதிலையே அது குறிக்கிறது என்று முடிவு செய்தார். கோட்டைக்குள் தோண்டினார். தங்க முகமூடிகளோடு கூடிய அரச கல்லறைகள் வெளிப்பட்டன. அவர் நினைத்த மன்னருடையவை அல்ல, அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் இடம் சரியாகவே இருந்தது.

எல்லோர் கையிலும் இருந்த நூல்தான். புதிய பொருள் அவருக்குத் தோன்றியதற்குக் காரணம், இருபது ஆண்டுகளாகத் தினமும் சொல் சொல்லாக உழுத பழக்கம். புதிய யோசனை வானத்திலிருந்து விழுவதில்லை. கிடங்கில் சரக்கு இருந்தால்தான் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியும். மூளைக் கிடங்கும் அப்படியே.

அவசரம் கெடுத்த இடம்

இதே மனிதர் பொறுமை இழந்த இடத்தில் நஷ்டமும் பட்டார். டிராய் நகரம் மேட்டின் அடியில்தான் இருக்கும் என்று எண்ணி, நடுவில் பெரிய அகழியை வேகமாக வெட்டினார். இடையில் வந்த சுவர்களை இடித்துத் தள்ளினார். 1873-ல் கிடைத்த தங்கப் புதையலை ஹோமர் பாடிய மன்னருடையது என்று அறிவித்து, துருக்கி அரசுக்குத் தெரியாமல் வெளியே கொண்டுபோய், பின்னர் வழக்கில் சிக்கிப் பணம் கட்டினார். அந்தப் புதையலோ, டிராய் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முற்பட்டது. அவர் தேடிய காலத்துக்குரிய அடுக்குகளில் ஒரு பகுதியை அவருடைய கடப்பாரையே அழித்துவிட்டது. 1882 முதல் டோர்ப்ஃபெல்ட் என்ற கட்டடக் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்ட பிறகே வேலை நிதானத்துக்கு வந்தது. 1890-ல் ஷ்லீமன் காலமானார்.

தினம் ஒரு மணி நேரம் என்று நிதானமாக நடந்த வழியில் அவர் வென்றார். ஒரே வீச்சில் அடைந்துவிட நினைத்த வழியில் தோற்றார். லாபக் கணக்கையும் நஷ்டக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே வியாபாரிக்கு அழகு.

நம் கடைக்கு வருவோம்

நம் கடைக்கு மிளகாய் குண்டூரிலிருந்து வருகிறது. சீரகம் குஜராத்தின் ஊஞ்சாவிலிருந்தும் மல்லி ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியிலிருந்தும் வருகின்றன. அந்த மண்டியில் இன்று காலை என்ன பேச்சு நடந்தது என்பதைத் தரகர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். தரகர் நல்லவராக இருக்கலாம். ஆனால் நேரில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவருக்குச் சொல்லும் விலையும், தெரியாதவருக்குச் சொல்லும் விலையும் ஒன்றாகவே இருக்குமா என்பதை அனுபவப்பட்டவர்களிடம் கேட்டால் தெரியும். எந்த மொழி கற்பது என்பது அவரவர் சரக்கு வரும் திசையைப் பொறுத்தது. தெலுங்கோ, இந்தியோ, கன்னடமோ, மலையாளமோ, ஏற்றுமதி செய்பவருக்கு ஆங்கிலமோ, எதுவானாலும் முறை ஒன்றே.

பிற்பகல் 2 முதல் 4 வரை பல கடைகளில் ஈ ஓட்டும் நேரம். அதில் ஒரு மணியை எடுத்துக்கொள்ளலாம். முதல் பாடமாக, நமக்கு மனப்பாடமான விலைப்பட்டியலையே அந்த மொழியில் எழுதலாம். பிறகு நம் சொந்த விவகாரம்: "நேற்று வந்த மல்லியில் தூசி அதிகம். இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்புகிறோம்." இப்படித் தினம் மூன்று வரி. தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, மறுநாள் உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். நாளுக்கு 4 புதிய சொல் என்றால் ஆண்டுக்கு 1,460. பாதி மறந்தாலும் 730 சொல் கையிருப்பில் நிற்கும். கொள்முதல் பேசுவதற்கு அது தாராளம்.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்று நம் கடைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை தூக்குகிறார்கள். வந்த சில மாதங்களில் "அண்ணாச்சி, எத்தனை கிலோ?" என்று தமிழில் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, புத்தகமும் இல்லை. நாள் முழுதும் காதில் வாங்கி, தப்பாகச் சொல்லி, சிரிப்புக்கு ஆளாகி, திரும்பச் சொல்லிக் கற்றார்கள். அவர்களுக்குத் திரும்பிய நாக்கு நமக்குத் திரும்பாதா? நாம் தமிழ் சொல்லிக்கொடுக்க, அவர்கள் இந்தி சொல்லிக்கொடுக்க, பண்டமாற்று நம் கடைக்குள்ளேயே நடக்கலாம்.

தொழிலில் புதுமைக்கும் இதே வழிதான். கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிய சரக்கின் பெயரை ஒரு சிட்டையில் தினமும் குறித்து வந்தால் போதும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், எதை வாங்கி வைக்கலாம், எதைச் சிறு பொட்டலமாகப் போடலாம், எதை எதோடு சேர்த்து விற்கலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்து "என்ன மூளை!" என்பார். சிட்டையை அவர் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வார்த்தை

தொடக்கத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறோம். காலை 5 முதல் இரவு 11 வரை நின்று, படித்ததையெல்லாம் மறந்த பையன். அவனை நாம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நம் கடையில் சேர்ந்து, மூன்று ஆண்டில் ஒரு விண்ணப்பம் எழுதவும் தயங்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவன் பொட்டலக் காகிதத்தை எடுத்து வாசித்தால், "படிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறேன்?" என்று அதட்டியவர்களும் நாமே. இதை எழுதுகிற நாமும் அதில் சேர்த்தி.

ஃபூர்ஸ்டன்பெர்க் மளிகைக் கடைக்கு ஷ்லீமன் ஐந்தரை ஆண்டு உழைத்தும், பீப்பாய் தூக்கும் ஆளாக மட்டுமே பயன்பட்டார். ஆம்ஸ்டர்டாம் நிறுவனம் அவருடைய படிப்பை மதித்துக் கூடுதலாக 800 பிராங்க் கொடுத்தது. அதற்கு ரஷ்ய நாட்டுச் சந்தையில் ஒரு நம்பகமான முகவர் கிடைத்தார். ஆள் ஒருவர்தான். எந்த முதலாளி லாபம் பார்த்தார் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முடியாதவர்கள் அரை மணியாவது கொடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். எழுதியதைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வரி எழுதுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். நாளை மதியம் கூட்டம் குறைந்ததும் தொடங்கிவிடலாம்.